முகமில்லாத மாரியோ

எங்கள் வீட்டு மாரியோவுக்கு முகம் கிடையாது. 1990களின் நடுவில், குடியாத்தத்தில் நாங்கள் இருந்த ஓட்டு வீட்டின் கூடத்தில், இழுத்து மூடும் மரக்கதவு வைத்த கருப்பு வெள்ளை டிவி ஒன்று இருந்தது. ஒரு கோடை விடுமுறையில், கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு முந்தைய வாரம், வேலூருக்குப் போய்வந்த அப்பா ஒரு வீடியோ கேம் பெட்டியும் மஞ்சள் நிறக் கேசட் ஒன்றும் வாங்கி வந்தார். ஆன்டெனாக் கம்பியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் பெட்டியின் வயரைச் செருகி, குமிழைத் திருகித் திருகி இரைச்சலுக்கு நடுவே படத்தைப் பிடித்தோம். தொப்பி வைத்த குள்ள மனிதன் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். தொப்பி, சட்டை, கால்சட்டை எல்லாம் ஒரே அடர்ந்த சாம்பல். முகமும் கைகளும் இருக்க வேண்டிய இடத்தில் வானம் தெரிந்தது.

“இவனுக்கு மூஞ்சியே இல்லியே, அண்ணா?” என்றாள் தங்கை. சுரங்கத்துக்குள் இறங்கும் இரண்டாவது கட்டத்தில் பின்னணி கருப்பாகிவிடும். அங்கே மட்டும் அவனுக்கு முகம் வந்துவிடும். வெயிலில் மறைந்து இருட்டில் தெரியும் முகம் என்பதை நாங்கள் கதையின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டோம். பிறகு வண்ண டிவி வைத்திருந்த நண்பன் வீட்டில் அதே கேசட்டைப் போட்டுப் பார்த்தபோது, நீல வானத்தின் கீழே சிவப்புத் தொப்பியும் மீசையும் முழு முகமுமாக அவன் நின்றதைக் கண்டு எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. ஏமாற்றப்பட்டது போலத்தான் இருந்தது. அந்த முகம் ஏன் மறைந்தது என்பதற்கான விடை எனக்குக் கிடைக்க ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. அது கிடைத்த இடம்தான் இன்று வரை என் இரவுப் பொழுதுபோக்காக இருக்கும் இந்த வேலை: பழைய கணினி விளையாட்டுகளின் நிறங்களை மாற்றிப் பார்ப்பது.

இதைச் செய்பவர்கள் ‘பாலெட்’ என்று சொல்வதை நான் நிறப்பட்டியல் என்று எழுதப் போகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே ஒரு பட்டியல்தான். பழைய விளையாட்டுகளில் படத்தின் ஒவ்வொரு புள்ளியும் தன் நிறத்தைத் தானே சுமப்பதில்லை. ‘ஒன்றாம் நிறம், இரண்டாம் நிறம், மூன்றாம் நிறம்’ என்று ஒரு வரிசை எண்ணை மட்டுமே அது வைத்திருக்கும். அந்த ஒன்றாம் நிறம் சிவப்பா பச்சையா என்பது வேறோர் இடத்தில், சில பைட் நீளமுள்ள சிறிய பட்டியலில் எழுதப்பட்டிருக்கும். நினைவகம் தங்கத்தின் விலைக்கு விற்ற காலத்தில் இடத்தை மிச்சப்படுத்தச் செய்த ஏற்பாடு இது. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் வானத்து மேகமும் தரையின் புதரும் ஒரே படம் என்பது பலர் அறிந்த செய்தி. வெள்ளைப் பட்டியலைக் கொடுத்தால் அது மேகம், பச்சைப் பட்டியலைக் கொடுத்தால் அது புதர். படத்தில் ஒரு புள்ளியைக்கூடத் தொடாமல் பட்டியலில் ஓர் எண்ணை மாற்றினால் உலகத்தின் பருவமே மாறிவிடும்.

1983இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோவின் ஃபாமிகாம் இயந்திரத்தைப் போலச் செய்த நகல் பெட்டிகள்தாம் நம் ஊர்களில் ‘டிவி கேம்’ என்று விற்றவை. அந்த இயந்திரத்தில் நிறங்களுக்கு 64 எண்கள் உண்டு. அவற்றில் கருப்பே பலமுறை திரும்ப வருவதால், உண்மையில் வேறுபட்ட நிறங்கள் ஐம்பத்து நான்கு அளவில்தான் தேறும். பின்னணிக்கு நான்கு பட்டியல், நடமாடும் உருவங்களுக்கு நான்கு பட்டியல், ஒவ்வொன்றிலும் மூன்று நிறம், எல்லாவற்றுக்கும் பொதுவாகப் பின்புலத்துக்கு ஒன்று. ஆக ஒரு நேரத்தில் திரையில் 25 நிறங்களுக்கு மேல் வர வழியில்லை. நிற எண்களைப் பதினாறு அடிமானத்தில் (ஒன்பதுக்கு அப்பால் ஏ முதல் எஃப் வரை எழுத்துகள் வரும்) இரண்டிரண்டு இலக்கங்களாக எழுதுவது வழக்கம். முதல் இலக்கம் வெளிச்சத்தைச் சொல்லும்: 0 என்றால் இருள், 3 என்றால் வெளிர். இரண்டாவது இலக்கம் நிறத்தைச் சொல்லும்: 2 நீலப் பக்கம், 6 சிவப்பு, 9 பச்சைப் பக்கம் என்று வட்டமாகச் சுற்றிவரும். 16, 19, 1ஏ ஆகிய மூன்றும் வெவ்வேறு நிறங்கள். ஆனால் மூன்றும் ஒரே வெளிச்சம்.

இந்த ஒரே வெளிச்சம் என்பதை நான் முதலில் பொருட்படுத்தவில்லை. ஓர் இரவு எஃப்.சி.இ.யு.எக்ஸ் என்னும் எமுலேட்டரை, அதாவது கணினியைப் பழைய விளையாட்டு இயந்திரம் போல நடிக்கவைக்கும் மென்பொருளைத் திறந்து, விளையாட்டை நிறுத்தி வைத்துவிட்டு, அதிலேயே உள்ள, எண்களை நேராகத் திருத்த உதவும் ஹெக்ஸ் எடிட்டரில் மாரியோவின் நிறங்களைத் தேடினேன். மூன்று எண்கள் கிடைத்தன: தொப்பிக்கும் கால்சட்டைக்கும் 16, தோலுக்கு 27, தலைமுடிக்கும் சட்டைக்கும் 18. பகல் நேர வானத்தின் எண் 22. சற்று நேரம் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். வானம் 22, தோல் 27. இரண்டுமே இரண்டாம் வரிசை. அந்த இயந்திரம் வெளியே அனுப்பும் டிவி அலையில் ஒரே வரிசையில் உள்ள நிறங்களுக்கெல்லாம் (வெள்ளை, சாம்பல், கருப்பு நீங்கலாக) சராசரி வெளிச்சம் ஒன்றுதான். வண்ண டிவி நிறத்தைப் பிரித்தெடுத்துவிடும். கருப்பு வெள்ளை டிவி வெளிச்சத்தை மட்டுமே காட்டும். ஆகவே எங்கள் வீட்டுத் திரையில் வானமும் முகமும் ஒரே சாம்பல். 16உம் 18உம் முதலாம் வரிசை. ஆகவே தொப்பியும் சட்டையும் ஒரே அடர்ந்த சாம்பல். சுரங்கத்தின் பின்னணி கருப்பு என்பதால் அங்கே மட்டும் முகம் மிதந்து வந்தது. என் தங்கை கேட்ட கேள்விக்கு நான்கு பைட்டுகளில் பதில் இருந்தது.

இன்னொரு பழைய வழக்கும் அதே இரவில் தீர்ந்தது. இரண்டாவது ஆட்டக்காரனான லூயிஜிக்கு எண்கள் 30, 27, 19. பூவைத் தின்று நெருப்பு எறியும் மாரியோவுக்கு 37, 27, 16. வண்ணத்தில் ஒருவன் வெள்ளையும் பச்சையும், மற்றவன் வெளிர்மஞ்சளும் சிவப்பும். வெளிச்சத்தில் பார்த்தால் 30க்கும் 37க்கும் இடையே சிறு வித்தியாசம்தான்; மற்ற இரண்டிலும் வித்தியாசமே இல்லை. தங்கையின் முறை வந்து பெரிய லூயிஜி திரையில் நின்றால், பூ தின்ற மாரியோதான் நிற்கிறான் என்று நான் சண்டை பிடித்ததெல்லாம் வெறும் பொறாமையால் அல்ல என்று இப்போது அவளிடம் சொல்லிக்கொள்ளலாம். (இந்தியாவில் வண்ண ஒளிபரப்பு 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போதே வந்துவிட்டது. எங்கள் தெருவுக்குத்தான் அது பொறுமையாக நடந்து வந்தது.)

குடியாத்தத்தை வெளியூர்க்காரர்கள் தீப்பெட்டிக்காகக் ‘குட்டி சிவகாசி’ என்பார்கள். எங்களுக்கு அது கைலி ஊர். பெரியப்பா வீட்டில் குழித்தறி இரண்டு ஓடின. கட்டம் போட்ட கைலியில் கட்டத்தின் கணக்கு மாறுவது எப்போதாவதுதான். இத்தனை இழை இந்த நிறம், இத்தனை இழை அந்த நிறம் என்ற அந்தக் கணக்கு மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். மாறுவது நூலின் நிறம் மட்டும். ஒரே கட்டத்தை நீலம், பச்சை, அரக்கு, காப்பி என்று எட்டு விதமாக நெய்து அடுக்கிவைத்தால், கடைக்காரர் கண்ணுக்கு எட்டுப் புதுக் கைலிகள். எனக்குப் பத்து வயதில் தெரிந்த இந்தத் தந்திரத்தைத்தான் ஜப்பானியப் பொறியாளர்கள் மேகத்துக்கும் புதருக்கும் செய்திருந்தார்கள் என்று பிறகு அறிந்தபோது ஒரு சொந்த பந்த உணர்ச்சி ஏற்பட்டது உண்மை.

ஆனால் தறியில் ஒரு சிக்கல் உண்டு. பாவில் (நெடுக்கு இழையில்) பச்சையும் ஊடையில் (குறுக்கு இழையில்) சிவப்பும் ஓடினால், இரண்டும் குறுக்கே வெட்டும் சதுரத்தில் மண் நிறம் ஒன்று தானாகப் பிறக்கும். அதை நெய்பவர் தேர்ந்தெடுக்க முடியாது. பச்சையையோ சிவப்பையோ மாற்றினால்தான் அது மாறும். பெரியப்பா புது நிறச் சேர்க்கைக்கு ஒரு சாண் மாதிரித் துணி நெய்து, அதை வாசல் திண்ணையில் விரித்துவிட்டு, எட்டி நின்று, கண்ணை இடுக்கிப் பார்ப்பார். “நெறத்த பாக்காதடா. கண்ண இடுக்கிக்கினு பாரு. எது முன்ன வருது, எது பின்ன போவுதுன்னு பாரு. அது சரியா இருந்தா எந்த சாயத்த போட்டாலும் நிக்கும்” என்பார். அப்போது அது எனக்குக் கிழவர் பேச்சு. கண்ணை இடுக்கும்போது நிறம் மங்கி வெளிச்சமும் இருளும் மட்டும் மிஞ்சுகின்றன என்பதும், எங்கள் கருப்பு வெள்ளை டிவி நாள் முழுவதும் செய்துகொண்டிருந்த வேலையும் அதுதான் என்பதும் அந்த நான்கு பைட்டுகளைப் பார்த்த இரவில்தான் உறைத்தது.

நான் முதலில் முழுதாகச் செய்ய முயன்ற மாற்றம் வேலூர் மாரியோ. ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு, மன்னனில்லாக் கோட்டை, சாமியில்லாக் கோயில்’ என்று எங்கள் பக்கத்தில் ஒரு சொலவடை உண்டு; ஆள் ஆளுக்கு அதில் ஒன்றிரண்டைச் சேர்ப்பார்கள். கோட்டைக்குள் இருக்கும் சலகண்டேசுவரர் கோயிலில் 1981இல் மீண்டும் இலிங்கத்தை வைத்துவிட்டதால் கடைசிப் பகுதி காலாவதியாகிவிட்டது. முதல் இரண்டும் இன்றும் செல்லுபடியாகும். ஆகவே மரமில்லாத மலையையும் நீரில்லாத ஆற்றையும் விளையாட்டுக்குள் கொண்டுவருவது என்று முடிவு செய்தேன்.

மலை எளிது என்று நினைத்தேன். தரைமேல் நடக்கும் கட்டங்களில் முதல் பின்னணிப் பட்டியலின் பச்சைகள் இரண்டு: 29, 1ஏ. வெளிச்ச வரிசையை அப்படியே வைத்துக்கொண்டு நிறத்தை மட்டும் ஒதுக்கி 28, 18 என்று எழுதினேன். குன்றுகள் சித்திரை மாதத்துக் காய்ந்த புல் நிறத்துக்கு வந்தன. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கியதும் கண்ணில் படும் மொட்டை மலைகளின் சாயல் அவற்றில் இருந்தது. ஆனால் குன்று மட்டும் மாறவில்லை. புதரும், மாரியோ இறங்கிச் செல்லும் குழாய்களும் அதே பட்டியலைத்தான் உண்கின்றன. குழாய்கள் எல்லாம் துலக்காத பித்தளை அண்டாவைப் போல ஆகிவிட்டன. பெரியப்பாவின் குறுக்குச் சதுரம் போலத்தான் இது. கேட்காமலே பிறந்தது, ஆனால் பிறந்த பிறகு பிடித்துவிட்டது. பித்தளைக் குழாயை அப்படியே விட்டுவிட்டேன்.

வானம்தான் என்னை அலைக்கழித்தது. பட்டியலின் முதல் எண்தான் பின்புலம் என்று படித்திருந்தேன். அங்கே 0எஃப், அதாவது கருப்பு, இருந்தது. அதை எத்தனை விதமாக மாற்றினாலும் வானம் நீலமாகவே நின்றது. இரண்டு இரவுகள் போயின. கடைசியில்தான் புரிந்தது: விளையாட்டு அந்தப் பட்டியலை முழுதாக ஏற்றிய பிறகு, பின்புல நிறத்தை மட்டும் வேறோர் இடத்திலிருந்து எடுத்து மேலே எழுதுகிறது. எட்டே எண்கள் கொண்ட அந்தத் தனிப் பட்டியல் கோப்பில் இருக்கும் இடம் எது தெரியுமா? மாரியோவின் உடை நிறங்களுக்கு நேர் முன்னால். நான் முதல் நாளே பார்த்த வரியின் இடப்பக்கத்தில், 22, 22, 0எஃப், 0எஃப் என்று, வானம் கையெட்டும் தூரத்தில் உட்கார்ந்திருந்தது.

அக்கினி நட்சத்திர வெயிலில் வேலூர் வானம் நீலமாக இருக்காது. சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்துப் போயிருக்கும். அதற்காக 37ஐ எழுதினேன். வெயில் அபாரமாக வந்தது. ஆனால் திரையின் மேல்பக்கத்தில் வெள்ளை எழுத்தில் இருந்த மதிப்பெண்ணும் நேரமும் அந்த வெளுப்பில் கரைந்து போயின. எத்தனை நொடி மிச்சம் என்று தெரியாமல் விளையாடுவது வெயிலில் மயங்கி விழுவதற்குச் சமம். பல எண்களைப் போட்டுப் பார்த்து 10இல் வந்து நின்றேன். அது ஒரு சாம்பல். முதலாம் வரிசையில் இருந்தாலும் சாம்பல் என்பதால் அதன் வெளிச்சம் பழைய 22க்கு மிக அருகில் இருப்பதால், வானத்தின் மேல் வரையப்பட்ட எதுவும் இடம் பெயரவில்லை. தூசி பறக்கும் மே மாதப் பிற்பகலாக அது தோன்றியது. விளையாட்டை முதலில் வடிவமைத்தவர்கள் ஏன் 22ஐ வைத்தார்கள் என்பதும் அப்போது ஓரளவு விளங்கியது.

நீரில்லாத ஆறு இன்னும் வேடிக்கை. நீருக்கடியில் நீந்தும் கட்டங்களின் பின்புலம் அந்த எட்டு எண்களில் முதலாவது. அதைப் பாலாற்று மணலாக்கினால் மாரியோ மணலுக்குள் நீந்துவான் என்று கணக்குப் போட்டேன். மணலுக்குப் பொருத்தமான நிறம் 27. ஆனால் அதுதான் மாரியோவின் தோல். இந்த முறை வண்ணத் திரையிலேயே அவனுக்கு முகம் போய்விட்டது. சரி, சற்றே அடர்த்தியாக 18 என்று வைத்தால் சட்டையும் மீசையும் போய், ஒரு மூக்கும் தொப்பியும் மட்டும் மிதந்தன. 17ஐ வைத்தால் கால்சட்டை மங்கியது. கடைசியில் 08. மேல்மணல் அல்ல, கோடையில் பாலாற்றில் ஊற்றுத் தோண்டினால் ஓரடி ஆழத்தில் கைக்கு வருமே, அந்த ஈர மணல். அதில் அவன் முழு உருவமாக நீந்தினான். நான் முதலில் விரும்பிய நிறம் அல்ல அது. மற்றவர்கள் வந்து உட்கார்ந்த பிறகு மிச்சமிருந்த நாற்காலி.

விண்டோஸுக்கு முந்தைய டாஸ் கணினிகளின் விளையாட்டுகள் பக்கமும் சில காலம் போனேன். அங்கே கதை வேறு. 1987இல் வந்த விஜிஏ என்னும் திரையட்டையில் (கணினியின் படத்தைத் திரைக்கு அனுப்பும் அட்டை அது) ஒரு நேரத்தில் 256 நிறங்கள். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றையும் 0 முதல் 63 வரை கூட்டிக் குறைக்கலாம் என்பதால் தேர்வுக்கு 2,62,144 நிறங்கள். காட்பாடியில் நான் படித்த கணினிப் பயிற்சி மையத்தில் ஆசிரியர் வெளியே போனதும் ‘டேஞ்சரஸ் டேவ்’ ஓடத் தொடங்கும். பல ஆண்டுகள் கழித்து அந்த விளையாட்டின் நிறப்பட்டியலைத் தேடிப் பிடித்தேன். நிரல் கோப்பைச் சுருக்கி வைத்திருந்ததால் முதலில் விரிக்க வேண்டியிருந்தது. விரித்தால் உள்ளே 768 பைட், 256 நிறங்களுக்கு மும்மூன்று. இக்காலப் பட மென்பொருளின் பழக்கத்தில் நான் 200, 180 என்று எழுதிவைத்தேன். திரையட்டை 63க்கு மேல் எண்ணத் தெரியாதது. மேலே இருப்பதை வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொள்ளும். 200 எழுதிய இடத்தில் அது 8 என்று படித்தது. பொன்னிறமாக ஜொலிக்க வேண்டிய கோப்பை அடுப்புக் கரி போல வந்து நின்றது.

1993இல் வந்த ‘டூம்’ என்னும் சுடும் விளையாட்டு ஒரு நல்ல பாடம், ஆனால் எனக்குப் பொறுமை போதவில்லை. அதில் 256 நிறப் பட்டியல்கள் பதினான்கு இருக்கின்றன: வழக்கமானது ஒன்று, அடிபட்டால் திரை சிவக்க எட்டு, பொருள் எடுத்தால் பொன்னொளி வீச நான்கு, நச்சுத் தடுப்பு உடை போட்டால் பச்சையாக ஒன்று. இவற்றுக்கு மேல் இருளுக்கென்று தனியாக ஓர் அட்டவணை. எந்த நிறம் தூரத்தில் எந்த நிறமாக மங்கும் என்று அது சொல்கிறது. வெளிர்பச்சையை ஊதாவாக்கிவிட்டு அதன் அடர்பச்சைகளை மறந்தால், அருகில் ஊதாவாக இருக்கும் சுவர் நான்கடி தள்ளிப் பச்சையாகிவிடும். 256 நிறங்களில் சுதந்திரம் அதிகம். அதனாலேயே எனக்கு அது சலித்தது. மூன்று நிறத்துக்குள் சண்டை போடும் சுகம் அதில் இல்லை.

இந்த வேலையில் சரியான நிறம் எது என்ற கேள்விக்கு விடை கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஃபாமிகாம் இயந்திரம் சிவப்பு இத்தனை, பச்சை இத்தனை என்று எண்ணாக எதையும் தருவதில்லை. நேரடியாக டிவி அலையைத்தான் தருகிறது. அந்த 64 எண்களும் கணினித் திரையில் என்னவாகத் தெரிய வேண்டும் என்பதை எமுலேட்டர் எழுதியவர்கள் தாங்களாகவே தீர்மானித்து, 192 பைட் கொண்ட சிறிய கோப்பாக வைத்திருக்கிறார்கள். ஒருவர் பார்த்த டிவி ஒரு விதம், மற்றவர் பார்த்தது வேறு விதம். நான் பழுப்பு என்று நினைத்து அனுப்பிய மலையைச் சென்னையில் இருக்கும் நண்பர் ஒருவர் “பச்சையாகத்தானே இருக்கிறது, என்ன மாற்றினாய்?” என்று கேட்டார். இருவர் திரையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். இருவர் சொன்னதும் உண்மை. பெரியப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். காலையில் திண்ணையில் ஒரு நிறமாகவும், மாலையில் கடை டியூப்லைட் வெளிச்சத்தில் வேறு நிறமாகவும் தெரியும் கைலிக்காகக் கடைக்காரர்களிடம் அவர் பட்ட பாடு கொஞ்சமா?

ஆனாலும் இத்தனை ஆண்டுகளில் நான் செய்த மாற்றங்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் உண்மையான பயன் இருந்தது. அது ஒரு பைட்.

தங்கை இப்போது வேலூரில் இருக்கிறாள். அவள் மகனுக்குப் பன்னிரண்டு வயது. பள்ளியில் வரைபடம் வண்ணமடிக்கும்போது காடுகளைச் சிவப்பாக அடித்துவிட்டு வந்தவனைக் கண் மருத்துவரிடம் கூட்டிப்போனாள். புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் அட்டைகளைக் காட்டிப் பார்த்துவிட்டு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிவதில் அவனுக்குக் குறை இருக்கிறது என்றார் மருத்துவர். அந்தப் பொங்கல் விடுமுறையில் அவன் என் மடிக்கணினியில் மாரியோ விளையாடிக்கொண்டிருந்தான். நன்றாகவே ஆடினான், ஆனால் மேடைகளின் விளிம்பில் ஆமைகளிடம் தோற்றுக்கொண்டே இருந்தான். பச்சை ஆமை விளிம்பு வந்தால் தயங்காமல் கீழே விழுந்துவிடும். சிவப்பு ஆமை விளிம்பில் திரும்பி நம்மிடமே வரும். அவன் ஒவ்வொரு முறையும் “இது விழுமா, திரும்புமா மாமா?” என்று கேட்டான்.

பட்டியலைத் திறந்து பார்த்தேன். பச்சை ஆமை 1ஏ, 30, 27. சிவப்பு ஆமை 16, 30, 27. இரண்டுக்கும் வேறுபாடு ஒரே எண்தான், அந்த எண்ணும் அதே வெளிச்ச வரிசை. சிவப்பையும் பச்சையையும் பிரிக்க முடியாத கண்ணுக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் எங்கள் கருப்பு வெள்ளை டிவியில் நாங்கள் விளையாடியதும் இவன் விளையாட்டைத்தான். நாங்கள் ஆமைகளை நம்பாமல் எல்லாவற்றையும் தாண்டிக் குதித்தோம். அதை ஆட்டத் திறமை என்று வேறு நினைத்துக்கொண்டோம்.

16ஐ முதலில் 26 ஆக்கினேன். வெளிர்சிவப்பு அழகாகத்தான் இருந்தது. ஆனால் படத்தைச் சாம்பலாக்கிப் பார்த்தால் ஆமையின் ஓடு வானத்தோடு கரைந்தது. 26உம் 22உம் ஒரே வரிசை என்பதை நான் மறந்திருக்கக் கூடாது. பிறகு 06, உறைந்த இரத்தம் போன்ற அடர்சிவப்பு. கண்ணை இடுக்கிப் பார்த்தேன். ஓர் ஆமை முன்னே வந்தது, மற்றொன்று பின்னே போனது.

விளையாட்டுக் கோப்பை நான் யாருக்கும் கொடுப்பதில்லை. அதன் உரிமை நின்டெண்டோவுடையது. மாற்றத்தை மட்டும் ஐ.பி.எஸ் என்னும் வகையில் சிறு ஒட்டாகச் சேமிப்பது வழக்கம். தொடக்கத்தில் அடையாளத்துக்கு ஐந்து பைட், எந்த இடம் என்று சொல்ல மூன்று, எத்தனை பைட் என்று சொல்ல இரண்டு, புதிய நிறத்துக்கு ஒன்று, முடிந்தது என்று சொல்ல மூன்று. மருமகனுக்கு நான் கொடுத்த பொங்கல் பரிசின் மொத்த எடை 14 பைட். அவன் ஒட்டைச் சேர்த்து விளையாடிப் பார்த்துவிட்டு ஆமைகளைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கேள்வி கேட்பதை மட்டும் நிறுத்திவிட்டான். அரை மணி கழித்துத்தான் குறை சொன்னான்.

“மாமா, காளான் கருகிப்போன மாதிரி இருக்கு.”

இருக்கும். ஆளைப் பெரிதாக்கும் காளானும் சிவப்பு ஆமையின் பட்டியலையே உண்கிறது. உயிர் கொடுக்கும் காளான் பச்சை ஆமையின் பட்டியலை. இரண்டு காளானுக்கும் படம் ஒன்றுதான், அந்த ஒரு நிறம்தான் வேறு. ஆமையை விட்டுவிட்டுக் காளானை மட்டும் வெளுப்பாக்க வழியில்லை என்று அவனிடம் விளக்கினேன்.

“இருக்கட்டும் மாமா. லைஃப் காளான் எதுன்னு இப்ப தெரியுதில்ல” என்றான்.

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப் பார்த்தாள். முதல் கட்டத்தில் முதல் குழிக்குச் சற்று முன்னால், கண்ணுக்குத் தெரியாத கட்டி ஒன்று இருக்கிறது; அதைத் தலையால் முட்டினால் காளான் ஒன்று வெளியே வந்து குழியை நோக்கி ஓடும். சிறுவயதில் அவள் ஒருமுறை அதைத் துரத்திக்கொண்டு போய்க் குழியில் விழுந்தாள். வெறும் காளானுக்காக உயிரை விட்டாயே என்று நான் கத்தினேன். இல்லை, அது லைஃப் காளான் என்று அவள் அழுதாள். எங்கள் திரையில் இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால் நான் சொன்னதே தீர்ப்பாயிற்று. இப்போது மருமகன் அதே கட்டியை முட்டினான். அடர்சிவப்பு இல்லை, காளான் பழைய பச்சையிலேயே ஓடியது.

“பாத்தியா அண்ணா?” என்றாள்.